ரவைச் சல்லடையில் ரயில் பாதை

விக்ரோலி ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லி சுமார் 50 மி.மீ. மாதிரி ரயில் பிரியர்கள் பெரிதும் கையாளும் ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காக, அது அரை மில்லிமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட ரவை. இதற்கு இறக்குமதிப் பாக்கெட் எதற்கு? மணலைக் கழுவிக் காயவைத்து, வீட்டுச் சல்லடையில் சலித்துப் பரப்புங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இறுகிவிடும். வடிகட்டி உலர்த்திய டீத்தூள் மண். சாயமேற்றிய மரத்தூள் புல்.

தண்டவாளம்தான் சிக்கல். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதை, ஐரோப்பாவின் 1,435 மி.மீ. அகலத்துக்கானது. 1853-ல் போரிபந்தரிலிருந்து இவ்வழியே தாணே சென்ற முதல் பயணிகள் ரயில் ஓடியதோ 1,676 மி.மீ. பாதையில். அதற்கு 19.3 மி.மீ. வேண்டும். நம் ஊர் வண்டியை அச்சு அசலாக ஓட்ட நினைப்பவர், பாதையையும் சொந்தக் கையால்தான் போட வேண்டும்.