சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருந்தது?



வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், அதோடு சேர்ந்து காணாமற்போவது எது தெரியுமா? நம்முடைய நிதானம்!

புதுவையை அடுத்த ஏம்பலத்தில் என் மாமி வீட்டில் நடந்தது இது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள். மாமியின் தாயார் கொடுத்த வெள்ளிச் சுர்மாச் சிமிழைக் காணவில்லை. லுஹருக்குள் வீடு முழுவதும் துப்பறிவாளர்கள் தோன்றிவிட்டார்கள். ஒருவர் பீரோவைக் கவிழ்த்தார். மற்றொருவர் அரிசிப் பானைக்குள் கைவிட்டார். அஸருக்குள் அனைவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பாத்திரம் துலக்க வரும் பெண்மணி காலையில் அந்த அறைப் பக்கம் போனாளாம். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது!

மாமி படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அவர் சொன்னார்: “பொருள் கிடைக்கிற வரைக்கும் இந்த வீட்டிலே யாரு பேரையும் எடுக்கக் கூடாது. அவ காதுக்கு இது போச்சுன்னா நான் பொல்லாதவளாயிடுவேன்.”

பிறகு கொல்லைப்புறம் சென்று குர்பானிக் கிடாவுக்குத் தழை போட்டார். குனிந்தவர் நிமிரவில்லை, அதன் முகத்தையே உற்றுப் பார்த்தார். இரண்டு கண்களையும் சுற்றிச் சுர்மா! நிக்காஹ் மேடைக்குக் கிளம்பிய மாப்பிள்ளையைப் போலக் கிடா நின்றுகொண்டிருந்தது. வைக்கோலை விலக்கினால் சிமிழ். குற்றவாளி, மாமியின் ஐந்து வயதுப் பேரன். விசாரணையில் அவன் அளித்த வாக்குமூலம்: “பெருநாளைக்கு நாம எல்லாரும் போட்டுக்குறோம், அதுக்கு மட்டும் வேணாமா நன்னி?”

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாமி அந்தப் பேச்சை அடக்காதிருந்தால், ஓர் ஏழைப் பெண் பெருநாளன்று திருடிப் பட்டத்தோடு வீடு திரும்பியிருப்பாள். ஏம்பலம் போன்ற சிற்றூரில் அந்தப் பட்டம் ஆயுள் முழுதும் உடன் வரும். அப்புறம் சிமிழ் கிடைத்தாலும் பெயர் கிடைக்குமா?

துப்பறியும் கதைகளை நாம் பொழுதுபோக்காகவே படிக்கிறோம். ‘தேவன்’ என்ற ஆர். மகாதேவன் 1942இல் ஆனந்த விகடனில் ‘துப்பறியும் சாம்பு’வை உலவவிட்டார். ஊரார் அசடு என்று ஒதுக்கிய வங்கி எழுத்தர், எதையோ செய்யப்போய்த் தற்செயலாகத் திருடனைப் பிடித்துவிடுவார். இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள் வேறு வகை. 1930இல் முதல் நாவலில் வந்த இந்த மூதாட்டி, கையில் பின்னல் வேலையோடு கிராமத்து மனிதர்களைக் கவனித்தே கொலைகாரரைக் கண்டுபிடிப்பார். சாம்புவுக்கு அதிர்ஷ்டம், மார்ப்பிளுக்குக் கவனம். என் மாமிக்கு இரண்டும் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஆயிரத்தோர் இரவுகளில் மூன்று ஆப்பிள்களின் கதை உண்டு. நோயுற்ற மனைவி ஆசைப்பட்டாள் என்று கணவன் பஸராவரை சென்று மூன்று ஆப்பிள்கள் வாங்கி வருகிறான். அவற்றுள் ஒன்றை ஓர் அடிமையின் கையில் பார்க்கிறான். “என் காதலி தந்தாள்” என்கிறான் அடிமை. கணவன் அதை நம்பி மனைவியைக் கொன்றுவிடுகிறான். பழத்தை எடுத்துச் சென்றவன் அவன் மகன்; அடிமை அதைப் பறித்துக்கொண்டிருக்கிறான். உண்மை வெளிப்பட்டபோது அவள் உயிரோடில்லை. வீட்டுக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்!

கேட்கவேண்டிய கேள்வி எப்படியிருக்க வேண்டும் என்பதற்குத் திருமறையின் யூசுப் அத்தியாயத்தில் அழகான சான்று இருக்கிறது. நபி யூசுப் (அலை) அவர்கள்மீது எஜமானரின் மனைவி பழி சுமத்தியபோது, அவளுடைய குடும்பத்தாரில் ஒருவரே வழி சொன்னார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. பார்த்தார்கள், பின்புறம் கிழிந்திருந்தது. சொந்தக்காரி என்ற பாசமும் இல்லை, அடிமைதானே என்ற அலட்சியமும் இல்லை. சட்டை பேசியது, மற்றவர்கள் கேட்டார்கள்.

அதே திருமறையின் 49ஆம் அத்தியாயம் இரண்டு எல்லைகளை வகுக்கிறது. நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. வீண் சந்தேகத்தையும், பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதையும் தடுக்கிறது. ஆகவே பொருளைத் தேடுங்கள். அடுத்தவர் பையைத் துழாவாதீர்கள். தடயத்தைப் பின்தொடருங்கள், ஆளைப் பின்தொடராதீர்கள்.

சகோதரிகளே! அடுத்த முறை உங்கள் வீட்டில் மோதிரமோ சில்லறையோ காணாமற்போனால், நாவில் ஒரு பெயர் வருமுன் ஒரு நொடி நில்லுங்கள். ‘சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது?’ என்று உங்களையே கேளுங்கள். பிறகு, கொல்லைக்குச் சென்று ஆட்டின் கண்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்!

மறுநாள் அந்தப் பெண்மணி வந்து, எல்லாரோடும் அமர்ந்து பிரியாணி உண்டு, குழந்தைகளுக்கும் கொஞ்சம் கட்டிக்கொண்டு சென்றாள். முதல் நாள் அவள் பெயர் எங்கள் வாயில் என்ன பாடுபட்டது என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. மாமி கண்டுபிடித்தது சிமிழை. காப்பாற்றியது அதைவிடப் பெரியதை.