இசைத்தட்டு முள்ளும் அதன் துப்புரவும்



கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் மடல் விடுத்துள்ளார். அவருடைய மாமனார் பல்லாண்டுகள் மைக் செட் தொழில் நடத்தியவர். சுற்றுப்புறத்துத் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் மரத்தின் உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியே பாடிய பாட்டெல்லாம் அவர் கைப்பட வைத்த தட்டுகளின் பாட்டே. அவர் மறைந்தபின் மின்சார ரிக்கார்டு பிளேயர் ஒன்றும், இரண்டு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் வீட்டில் எஞ்சியுள்ளன. அவருடைய ஆண்டு நினைவுநாளன்று உறவினர் கூடி அவற்றைக் கேட்க விரும்புகின்றனர். ஆனால் பாட்டு கரகரக்கின்றது. சகர ஓசைகள் சீறுகின்றன. முள் இடையிடையே தாவுகின்றது.

முள்ளைத் துடைக்க மூவர் மூன்று வழி கூறினராம். மகன், மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம் என்கிறான். சென்னையிலுள்ள மைத்துனர், முள் துடைப்பதற்கென்றே விற்கும் திரவம் ஒரு சிறு புட்டியில் அனுப்பியிருக்கிறார். கடைக்காரர், தூரிகையும் பசைவில்லையும் வாங்குங்கள் என்கிறார். எதைக் கைக்கொள்வது என்பது சகோதரியின் வினா. பழைய தட்டுகள் வைத்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே இன்னும் சில உண்டு. புதிதாய் வாங்குவோரும் இந்நாளில் பெருகியுள்ளனர். ஆதலின் விடையைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

முள் செய்யும் வேலையை முதலில் நோக்குவோம். தட்டின்மேல் வட்ட வட்டமாய்த் தோன்றும் கோடுகள் உண்மையில் ஓரத்திலிருந்து நடுவரை சுருண்டு செல்லும் ஒரே பள்ளம். நெடுநேரத் தட்டு ஒன்றின் ஒரு பக்கத்துப் பள்ளத்தை நேராக்கி நீட்டினால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் வரும். அதன் அகலமோ தலைமயிரின் பருமனிலும் குறைவு. பள்ளத்தின் இருபுறச் சுவர்களில் உள்ள நுண்ணிய நெளிவுகளே பாட்டு. முள்ளின் முனை அந்நெளிவுகளைத் தடவிச் செல்கையில் அசைகின்றது. அவ்வசைவு கார்ட்ரிட்ஜில் மின்னலையாக மாறி ஒலிபெருக்கியை எட்டுகின்றது.

முள்ளின் மேல் வைக்கும் எடை இக்காலக் கருவிகளில் ஏறத்தாழ 2 கிராம். பழைய பீங்கான் வகைக் கார்ட்ரிட்ஜ்களில் 5, 6 கிராம் வரை உண்டு. இது அற்பம் என்று தோன்றலாம். ஆனால் அவ்வளவு எடையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியின்மேல் இறங்குவதால் அங்கே அழுத்தம் மிகப் பெரிது. அந்நிலையில் முனையில் தூசு திரண்டால் இரண்டு தீங்குகள் நேரும். தூசுப்பந்து முனையைப் பள்ளத்திலிருந்து தூக்கிவிடுவதால் ஓசை மங்கும், முள் தாவும். இதைப் பின்னர்ச் சரிசெய்யலாம். தூசியிலுள்ள மணற்பொடி பள்ளத்தின் சுவரைக் கீறுவது மற்றொன்று. இதற்குப் பரிகாரம் இல்லை. கீறலுற்ற பாட்டு கீறலுற்றதே.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் தூசுக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலைகளின் உமித்தூள் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் ஓடும் பருவத்தில் சக்கை எரிந்த கரித்துகள் உண்டு. செம்மண் புழுதி எப்போதும் உண்டு. மலைமேல் இடர் வேறு. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடியும் பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடியும் உயரமுள்ளவை. அங்கே பனியும் ஈரமும் தட்டின் உறையில் பூஞ்சணம் படரச் செய்யும். அதையும் முள் வாரிக்கொள்ளும்.

இனி, உங்கள் கருவி எவ்வகை என்று அறிதல் வேண்டும். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனில் உள்ளது எஃகு முள். அதைத் துடைப்பதென்பதே இல்லை. அரக்குத் தட்டில் கலந்துள்ள கற்பொடி அம்முள்ளை விரைவில் தேய்த்துவிடும்; ஆதலால் பக்கத்துக்கு ஒரு முள் என்று மாற்றுவதே முறை. சிறு தகரச் சிமிழில் முட்களை நூற்றுக்கணக்கில் விற்றதன் காரணம் அதுவே. மின்சார ரிக்கார்டு பிளேயரில் உள்ளதோ நீலக்கல் அல்லது வைரமுனை. நீலக்கல் சில பத்து மணி நேரமே தாங்கும். வைரம் 500 முதல் 1,000 மணி நேரம் வரை உழைக்கும். இவற்றுக்கே துப்புரவு தேவை.

சகோதரிக்கு வந்த மூன்று ஆலோசனைகளையும் இப்போது ஆராய்வோம்.

முதலாவது, பஞ்சும் ஸ்பிரிட்டும். இது வேண்டவே வேண்டாம். பஞ்சின் இழை வைரமுனையில் சிக்கும். இழுத்தால் முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு வளையும் அல்லது ஒடியும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் உண்டு. அது உலர்ந்தபின் பிசுபிசுப்பாய்த் தங்கித் தூசியை மேலும் ஈர்க்கும். நகப்பூச்சு அகற்றும் நீர்மமும் பெயின்ட் தின்னரும் முனையை ஒட்டியுள்ள பசையையே கரைக்கக் கூடியவை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அப்பெட்டிகளில் கனமான, விழுந்தால் உடைகின்ற 78 சுற்றுத் தட்டுகளும் இருப்பதாகச் சகோதரி எழுதியுள்ளார். அவை அரக்கினால் ஆனவை. மேசை நாற்காலிக்கு மெருகேற்றும் தச்சர் என்ன செய்கிறார்? அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்துப் பூசுகிறார். ஸ்பிரிட்டில் கரைவது அரக்கின் இயல்பு. ஆகவே நனைந்த முள்ளை ஆறவிடாமல் தட்டில் வைத்தாலோ, ஒரு துளி தவறி விழுந்தாலோ, அவ்விடத்துப் பாட்டு கரைந்துபோம். வைனில் தட்டுக்கு இவ்வளவு அச்சமில்லை. அரக்குத் தட்டின் அருகே ஸ்பிரிட் புட்டியைத் திறத்தலே தகாது.

இரண்டாவது, மைத்துனர் அனுப்பிய திரவம். இவற்றுட் பல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்தவை. ஆல்கஹால் இல்லாதனவும் உண்டு. புட்டியின்மேல் என்ன எழுதியுள்ளது என்று படியுங்கள். உள்ளே இருப்பது இன்னதென்று குறிப்பிடாத புட்டியை ஒதுக்கிவிடுங்கள். நாட்பட்ட அழுக்கு முனையில் இறுகிப்போய் உலர் தூரிகைக்கு அசையாவிட்டால் மட்டும் திரவத்தை நாடலாம். தூரிகையின் நுனியில் ஒரே ஒரு துளி; அது முனையை மட்டும் தொடவேண்டும்; மேலே தண்டு பொருந்தியுள்ள ரப்பருக்கு ஏறக்கூடாது. பின்பு முற்றும் உலரும்வரை பொறுத்திருங்கள். முள் செய்த நிறுவனத்தாரின் குறிப்பு கையிலிருந்தால் அதுவே முடிவானது. திரவம் எதுவும் ஆகாதென்று கூறும் நிறுவனத்தாரும் உளர்.

மூன்றாவது, தூரிகையும் பசைவில்லையும். தூரிகையே எல்லாவற்றிலும் நம்பகமானது. கரியிழையால் ஆன சிறு தூரிகை இதற்கென்றே விற்கின்றது. கிடைக்காவிடில், வண்ணம் தோயாத மென்மயிர் ஓவியத் தூரிகை போதும். பசைவில்லை என்பது மெத்தென்ற, ஒட்டுந்தன்மையுள்ள சிறு வில்லை. முள்ளை அதன்மேல் மெல்ல இறக்கி எடுத்தால் தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். வில்லை அழுக்கானால் நீரில் கழுவி உலர்த்தலாம். கையை நெம்புகோலால் இறக்கி ஏற்றும் கருவிகளுக்கு இது மிக நன்று. ஆனால் வெறும் விரலால் இறக்கவேண்டிய, எடை மிகுந்த பழைய கருவிக்குப் பொருந்தாது. விரல் நடுங்கினால் முள் ஆழப் புதைந்துவிடும். சுவர் துடைக்கும் வெண்ணிற மெலமைன் பஞ்சைச் சிறு துண்டாக வெட்டி அதில் முள்ளை இறக்கி எடுப்பாரும் உண்டு. அதுவும் உராயும் பொருளே. பக்கவாட்டில் இழுத்தால் கேடு. அதன் பொடி முனையில் தங்கவும் கூடும்.

ஆகச் சகோதரிக்கு என் பரிந்துரை இது: ஒரு மென் தூரிகை, ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி. வேறெதுவும் வேண்டாம்.

தூரிகையைக் கையாளும் முறை வருமாறு. மின்சாரத்தை நிறுத்தி, சுழலும் தட்டு அசைவற்று நிற்கட்டும். ஒலியளவைக் குறைத்து வையுங்கள். நல்ல வெளிச்சத்தில், கை தன் தாங்கியில் இருக்கும்போதே, தூரிகையைப் பின்னாலிருந்து முன்னால், அதாவது கையின் அடிப்புறத்திலிருந்து நுனிப்புறம் நோக்கி, இரண்டு மூன்று முறை மெல்லத் தடவுங்கள். தட்டு ஓடும்போது முள்ளைக் கடந்து செல்லும் திசையும் இதுவே. முள்ளின் தண்டு இவ்விசையைத் தாங்கவே அமைந்தது. முன்னிருந்து பின்னாகவோ பக்கவாட்டிலோ தடவினால் தண்டு வளையும். விரல்நுனியால் தூசியைத் தட்டிவிடும் பழக்கம் ஆகாது. விரலின் எண்ணெய் முனையில் படியும். வாயால் ஊதுவதும் ஆகாது. எச்சிலின் ஈரம் தூசியைச் சேறாக்கும். தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் இப்படிச் செய்வது நலம். கால் நிமிட வேலைதான். தட்டையும் முன்கூட்டியே துடையுங்கள். தட்டு அழுக்காயிருக்க முள்ளை மட்டும் துடைத்தல் வீண்.

இரண்டு எச்சரிக்கைகள் எஞ்சியுள்ளன. துப்புரவு அழுக்கை நீக்குமேயன்றித் தேய்மானத்தை நீக்காது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிவீர்கள். அச்சிற்பிகளிடம் கேளுங்கள்: மழுங்கிய உளி மரத்தைச் செதுக்காது, சிதைக்கும். தேய்ந்த முள்ளும் அவ்வாறே. மாமனாரின் முள் எத்தனை மணி நேரம் ஓடியதென்று யாருக்கும் தெரியாதாகையால், புதிய முள் வாங்கிப் பொருத்திய பின்னரே தட்டை வையுங்கள். மற்றது, பழைய கருவிகள் பலவற்றில் முள்ளைத் திருப்பிப் போடும் சிறு பிடி உண்டு: ஒரு பக்கம் 78 சுற்றுக்கு, மறுபக்கம் நெடுநேரத் தட்டுக்கு. 78க்குரிய முனை ஏறத்தாழ நான்கு மடங்கு பருத்தது. அதை நெடுநேரத் தட்டில் ஓட்டினால் தட்டு பாழாகும்.

இத்துணை நுணுக்கம் ஏனென்று சிலர் கேட்கலாம். இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிற்று. 1908இல் அந்நகரின் சியால்டாவில் தட்டு அழுத்தும் ஆலை எழுந்தது. அன்று முதல் பதிவான குரல்கள் பல வேறெங்கும் இல்லை. நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார். பேசும்படத்தில் அவர் நடித்ததில்லை. அவருடைய குரல் அரக்குத் தட்டுகளின் வழியாகவே நம் காதுக்கு எட்டியுள்ளது. பெயர் பெற்றவர்க்கு அந்நிலை எனின், ஓரிரு தட்டுகள் மட்டும் பாடி மறைந்த பக்திப் பாடகர்களின் நிலை என்ன? அவர்களுடைய கடைசிப் பிரதி உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும்.

ஆதலின் பங்குக் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பழைய தட்டுகளை இரும்புக் கடைக்குப் போடுமுன், நடுத்தாளில் அச்சிட்ட பெயர்களையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். முள் புதிதாய், தூய்மையாய் இருக்கும் முதல் ஓட்டத்திலேயே, கருவியிலிருந்து கம்பி வழியாகக் கணினியில் பதிவு செய்து, பிரதிகளை உறவினர் சிலரிடமும் கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டு சிறிதேனும் தேயும். பிரதியோ எத்தனை முறை கேட்டாலும் தேயாது. பிள்ளைகள் விரும்பும்போதெல்லாம் பிரதியைக் கேட்கட்டும். தட்டை நினைவுநாளுக்கும் பெருநாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.