சைக்கிள் ஷூ கடிக்கிறதா? குறை உங்கள் பாதத்தில் இல்லை!

ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்புபவர்கள் டீக்கடையில் நிற்பார்கள். டீ வருவதற்குள் ஒருவர் ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பார். "கால் மரத்துப்போச்சு" என்பார். வலி தாங்காமல் சைக்கிளையே மூலையில் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அகலமான பாதம், கட்டைவிரல் அருகே எலும்பு புடைத்த பாதம், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமான பாதம்... இப்படிப்பட்டவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம்.

ஏன் கடிக்கிறது?

சாதாரண ஷூவின் அடிப்பாகம் நடக்கும்போது வளையும். சைக்கிள் ஷூவில் அப்படி வளையாது. மிதிக்கும் விசை வீணாகாமல் பெடலுக்குப் போகவே அதை விறைப்பாகச் செய்கிறார்கள். மேல்பாகமும் எளிதில் இளகாது. இதனால் முன்பாதம் இரு பக்கமும் நெருக்கப்பட்டு, விரல்களுக்குப் போகும் நரம்புகள் அழுந்துகின்றன. முதலில் மரத்துப்போகும், பிறகு எரியும். வெயிலில் நேரம் ஆக ஆகப் பாதம் வீங்குவதால் இறுக்கம் இன்னும் கூடும்.

அகலமான பாதம் ஒரு கோளாறே அல்ல. வழக்கமாக வெறுங்காலில் நடப்பவர்களுக்குப் பாதம் அகலமாக இருப்பதை, இந்தியர்களையும் வைத்துச் செய்யப்பட்டு 2009-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

பெரிய சைஸ் தீர்வாகாது

'8 கடிக்கிறது, 9 கொடுங்கள்' என்பதுதான் பலரும் செய்யும் தவறு. சைஸைக் கூட்டினால் நீளம்தான் அதிகம் கூடும். அகலம் கொஞ்சமே கூடும். குதிகால் வழுக்கும். அதைத் தடுக்க வாரை இறுக்குவோம், மறுபடியும் வலிக்கும். 'வைடு' என்று குறிப்பிட்ட மாடல்களைக் கேளுங்கள். ஷிமானோ சில மாடல்களை அகல வடிவிலும் தருகிறது. லேக் நிறுவனத்திலும் அகல மாடல்கள் உண்டு. போன்ட் ஷூக்களைச் சூடாக்கி, பாதத்துக்கு ஏற்ப வடிவம் மாற்றிக்கொள்ள முடியும்.

வீட்டிலேயே அளக்கலாம்

* மாலையில் அளங்கள். காலையைவிட அப்போது பாதம் சற்றுப் பெரிதாக இருக்கும்.
* சைக்கிள் ஓட்டும்போது போடும் சாக்ஸுடன், காகிதத்தின் மேல் எழுந்து நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையச் சொல்லுங்கள்.
* நீளத்தையும், அகலமான இடத்தையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். இரண்டு பாதங்களையும் அளந்து, பெரியதற்கு ஷூ வாங்குங்கள். சிறிய பாதத்துக்குக் கூடுதல் உள்ளட்டை போட்டுக்கொள்ளலாம்.
* கடையில் ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து, அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு வேண்டாம்.

இருக்கும் ஷூவைச் சரிசெய்ய

விரல்களுக்கு அருகில் உள்ள வாரைத் தளர்வாக விடுங்கள். கயிறு கட்டும் ஷூ என்றால், எலும்பு புடைத்த இடத்துக்கு நேரான துளையில் கயிற்றைக் கோக்காமல் விட்டுவிடலாம். ஷூவின் அடியில் திருகிப் பெடலில் மாட்டும் 'கிளீட்' இருந்தால், அதைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் நகர்த்துங்கள். முன்பாதத்தின் மேல் விழும் அழுத்தம் குறையும்.

கிளீட் ஷூ கட்டாயமும் இல்லை. தட்டையான பெடலும், அடிப்பாகம் கெட்டியான அகலமான சாதாரண ஷூவும் இருந்தாலே தினசரி ஓட்டத்துக்குப் போதும்.

சர்க்கரைநோயாளிகள் கவனத்துக்கு

சர்க்கரை கூடிவிட்டதே என்று சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நீண்டகாலச் சர்க்கரைநோயில் பாதத்தின் உணர்ச்சி குறையலாம். அப்போது ஷூ கடித்துப் புண்ணானாலும் தெரியாது. வலி இல்லை என்பதால் ஷூ பொருந்துகிறது என்று நினைத்துவிடாதீர்கள். புது ஷூ வாங்கும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் விரல் இடுக்கு, பாத ஓரம், குதிகால் எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், வீட்டில் இருப்பவர்களையும் பார்க்கச் சொல்லலாம். கொப்புளமோ சிவப்போ தெரிந்தால், ஆறும்வரை அந்த ஷூவைத் தொடாதீர்கள். ஷூவைக் கழற்றிய பிறகும் மரத்த உணர்வு போகவில்லை என்றால், சர்க்கரை இல்லாதவர்களும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சைக்கிளை மூலையில் நிறுத்தும் முன், ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துப் பாதத்தை அளந்து பாருங்கள்.