சுன்னாகம் சந்தை, பஸ் நிலையம், புகையிரத நிலையம் ஆகியவற்றை ஒன்றிணைத்து அபிவிருத்தி செய்தல் தொடர்பான கோரிக்கை மனு

தவிசாளர்,
வலிகாமம் தெற்கு பிரதேச சபை,
சுன்னாகம்.

பிரதிகள்: உடுவில் பிரதேச செயலாளர், வீதி அபிவிருத்தி அதிகார சபை, இலங்கைப் போக்குவரத்துச் சபை, புகையிரதத் திணைக்களம்.

கனம் தவிசாளர் அவர்களுக்கு,

சுன்னாகம் சந்தையால் வளர்ந்த ஊர். ஏழாலை, குப்பிழான், புன்னாலைக்கட்டுவன் செம்மண் தோட்டங்களின் மரக்கறியும் வாழைக்குலையும் இங்கு வந்துதான் விலைப்படுகின்றன. காலையில் சந்தையடிக் காங்கேசன்துறை வீதியில்தான் யாழ்ப்பாணம் போகும் பிள்ளைகளும் உத்தியோகத்தர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சைக்கிள் கரியரின் இரு பக்கமும் குலை கட்டிய தோட்டக்காரர், நிற்கும் பஸ்ஸுக்கும் எதிரே வரும் லொறிக்கும் நடுவே சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைக் கடை வாசலிலிருந்து பார்க்கிறோம். குலை உரசிக் காய் கறுத்தால் அன்றைய விலை போய்விடும்.

1990இல் நின்றுபோன புகையிரதம் 2015 ஜனவரி 2 முதல் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடுகிறது. எனவே சந்தை, பஸ், புகையிரதம் மூன்றையும் ஒரே திட்டமாக எடுக்குமாறு கேட்கிறோம். புகையிரத நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை கூரையிட்ட நடைபாதையும், புகையிரத நேரத்துக்குப் பொருந்திய பஸ் சேவையும், சாமான் இறக்கும் லொறிகளுக்குப் பயணிகள் குறுக்கிடாத தனி வாசலும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் 2021இல் திறந்த நெடுந்தூர பஸ் நிலையத்தில் இ.போ.ச.வும் தனியாரும் சேர்ந்து இயங்கும் பேச்சு எவ்வளவு இழுபட்டது என்பது தங்களுக்குத் தெரியும். இங்கே அந்த இணக்கம் அத்திவாரம் வெட்டுமுன்னரே எழுத்தில் வரட்டும்.

எங்கள் பெரிய கவலை கடைகளைப் பற்றியது. ஒரு கடையேனும் இடிபடுமுன், யாருக்கு எந்த இடம், என்ன வாடகை என்பது கையொப்பத்துடன் எங்கள் கையில் இருக்கவேண்டும். கட்டிடவேலை முடியும்வரை சந்தையை ஒட்டியே தற்காலிக இடம் தாருங்கள். ஒரு மைல் தள்ளிப்போனால் வாடிக்கை கலைந்துவிடும். நிலத்தில் சாக்கு விரித்துக் கீரையும் முருங்கைக்காயும் விற்கும் அம்மாக்களுக்கு வாடகைச் சிட்டை இல்லை. எங்கள் சங்கத்தில் அவர்கள் அங்கத்தவர்களும் அல்லர். ஆனாலும் அவர்களுக்காகவும் கேட்கிறோம். இன்று அவர்கள் இருக்கும் இடத்தைச் சபை உத்தியோகத்தர் நேரில் வந்து பதிந்து, புதிய சந்தையிலும் கீழ்த்தளத்திலேயே இடம் ஒதுக்கவேண்டும். தலையில் கடகத்தோடு மாடிப்படி ஏற அவர்களால் முடியாது.

இன்னொன்று, நீர். எங்கள் கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பான வழக்கில் இழப்பீடு வழங்குமாறு 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக்கல் நிலம் மேலே சிந்துவதை வடிகட்டாமல் கீழே விட்டுவிடும். ஆகையால் பஸ் நிறுத்துமிடமும் கழுவுமிடமும் கொங்கிறீற்றுத் தளத்தோடும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியோடும் அமையவேண்டும். மலசலகூடக் கழிவுக்கும் அடைத்த தொட்டியே வேண்டும்.

வரைபடத்தைச் சந்தை வாசலில் தமிழில் ஒட்டி, ஆட்சேபனைக்கு ஒரு மாத அவகாசம் தந்து, எங்களை நேரில் அழைத்துப் பேசுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர்,
சந்தை வியாபாரிகள் சங்கம்