வெண்புள்ளியும் நாகதோஷமும்

நன்னிலம் தாலூகாவிலிருந்து ஒரு வாலிபர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தங்கைக்குக் கலியாணம் நிச்சயமாகி, வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. பிறகு பெண்ணின் முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்ட மாப்பிள்ளை வீட்டார், "குஷ்டமுள்ள குடும்பம்" என்று சொல்லிச் சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள். உறவினரோ, இது நாகதோஷம், பேரளத்துக்குப் பக்கத்திலுள்ள திருப்பாம்புரத்தில் பரிகாரம் செய்தால் போய்விடும் என்கிறார்களாம். தகப்பனார் நெல் விற்ற பணத்துடன் புறப்படத் தயாராயிருக்கிறார். "இது எங்கள் ரத்தத்திலுள்ள தோஷந்தானா?" என்று வாலிபர் கேட்கிறார்.

முதலாவது, இது குஷ்டமே அல்ல. குஷ்டம் கிருமியால் வருவது. அக்கிருமியை நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் 1873-ல் கண்டார். வெண்புள்ளிக்குக் கிருமியுமில்லை, தொத்துமில்லை. உடம்பைக் காக்கவேண்டிய வெள்ளை அணுக்களே, தோலுக்கு நிறங்கொடுக்கும் அணுக்களை அந்நியமென்று எண்ணித் தாக்குகின்றன. காவல் நாய் வீட்டுக்காரனையே கடித்த கதைதான். "வெண்குஷ்டம்" என்ற பெயரை ஒழித்து "வெண்புள்ளிகள்" என்றே சொல்லவேண்டுமென்று தமிழ்நாடு அரசாங்கம் 2010-ல் உத்தரவும் போட்டாயிற்று. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. குஷ்டம் கலியாணத் தரகர் வாயில் இருக்கிறது.

நிற்க, ரத்தத்தில் வருவதா என்றால், ஓரளவு உண்டு. அதை மறைப்பதில் பிரயோசனமில்லை. தன் அணு எது, அந்நியம் எது என்று காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. என்னும் மரபணுக்கள் ஜனத்துக்கு ஜனம் வித்தியாசப்படும். இவ்வகை வியாதிகள் தேசத்துக்குத் தேசம் கூடியும் குறைந்தும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைப் பிராயத்தில் வரும் நீரிழிவு பின்லாந்தில் மிக அதிகம். லூபஸ் என்பது வெள்ளையரைவிட ஆப்பிரிக்க வம்சத்தாருக்கு அதிகம். வெண்புள்ளியோ எல்லா நிறத்தாருக்கும் வருகிறது. கறுத்த தோலில் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவே.

ஆனால் ரத்தம் தலையெழுத்தல்ல. ஒரே கரு பிளந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால், மற்றவருக்கும் இருப்பது 100-க்கு 23 தான் என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. பாட்டன் பாம்படித்த பாவமென்றால், அந்தப் பாம்பு இரட்டையரில் ஒருவனை மட்டும் எப்படி மன்னித்தது? அயர்லாந்தில் இயற்கையாகப் பாம்பே கிடையாது. அங்கேயும் வெண்புள்ளிக்காரர் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டன் எதை அடித்தான்?

ரத்தத்தைப் பற்றி இவ்வளவு விசாரப்படும் சம்பந்திகளுக்கு ஒரு செய்தி. ஐதராபாத் ஆராய்ச்சிக்கூடத்தாரும் அமெரிக்கரும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தெற்காசியாவின் 263 சமூகங்களில் 81 சமூகங்கள், தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்ததால், ஒரு சில முன்னோரின் மரபணுக்களையே பெரிதும் சுமப்பதாகக் கண்டார்கள். அது வெண்புள்ளிக்காகச் செய்த ஆராய்ச்சியல்ல; தாய் தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படும் வேறு வியாதிகளைப் பற்றியது. ஜாதி பார்த்து, அதற்குள்ளும் அக்காள் மகளைத் தேடிப்பிடித்துக் கட்டும்போது வராத ரத்த பயம், முழங்கைப் புள்ளியைக் கண்டதும் எங்கிருந்து வந்ததோ!

வாலிபருக்கு நாம் சொல்வது, தங்கையைத் தோல் டாக்டரிடம் காட்டட்டும். ஒளிச் சிகிச்சையும் களிம்புகளும் இருக்கின்றன. பலருக்கு நிறம் திரும்புகிறது, எல்லோருக்கும் முழுதாகத் திரும்புமென்று சொல்லமுடியாது. தைராய்டையும் சோதிப்பது நல்லது, இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. திருவாரூரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தகப்பனார் நெல் பணத்தில் பஸ் சார்ஜுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.