இரவல் நாக்குகள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் கோட்டக்குப்பத்தைக் கடந்தபின் பொம்மையார்பாளையத்தை அடைவர். உறவினர் இல்லத்திற்குச் செல்லும்போதெல்லாம் அவ்வூர்க் கடற்கரையில் மாலைப் பொழுதைக் கழிப்பது என் வழக்கம். படகுகளின் நிழலில் இளைஞர் அமர்ந்து வலையைப் பழுது பார்ப்பர். கைகள் கண்ணிகளைச் சரிசெய்ய, வாய்கள் திரைப்பட வசனங்களைச் சரமாரியாகப் பொழியும். ஒருவர் ஒரு வசனத்தை எடுத்துவிடுவார். அடுத்தவர் வேறொரு நடிகரின் வசனத்தால் அதனை வெட்டுவார். சிரிப்பும் கைத்தட்டலும் அலையோசையை விஞ்சும். கேட்க இனிமையாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த இனிமை நீடிப்பதில்லை. ஒரு பொங்கல் நாளில், இரண்டு நடிகர்களின் படங்களைப் பற்றிய பேச்சு முற்றி, ஒரே படகில் தொழிலுக்குச் செல்லும் மாமன் மைத்துனர் இருவர் கைகலந்ததை நான் கண்டேன். அதன்பின் ஓராண்டுக் காலம் அவர்கள் ஒரு படகில் ஏறவில்லை. அவர்களைப் பிரித்தது நிலத் தகராறன்று, பங்குத் தகராறுமன்று. அவர்களின் பெயரைக்கூட அறியாத இரண்டு நடிகர்களுக்காக அவர்கள் பிரிந்தனர். இதைச் சிந்திக்க வேண்டாமா?

திரைப்படம் பார்ப்பதே பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லிய பெரியோர் நம் பங்குகளில் ஒரு காலத்தில் இருந்தனர். இன்றும் சிலர் உளர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட ஆணையோ திரைப்படத்தை இறைவன் மனித அறிவுக்கு அருளிய வியத்தகு கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகவே கருதுகிறது. அதே ஆணை, பார்ப்பவருக்கும் கேட்பவருக்கும் கடமை உண்டு என்கிறது. தேர்ந்து பார்ப்பதும் மனச்சான்றோடு மதிப்பிடுவதும் நம் பொறுப்பு. எனவே என் வழக்கு திரைப்படத்தின்மீதன்று; வசனத்தின்மீதுமன்று. மதிப்பிடும் கடமையைக் கைவிட்டு, இரவல் நாக்கோடு வாழத் துணிந்த நம்மீதுதான் என் வழக்கு.

வசனத்திற்குத் தமிழகத்தில் ஒரு பெருமைமிக்க வரலாறு உண்டு. 1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யில் மு. கருணாநிதி எழுதிய நீதிமன்ற உரை, பள்ளிக்கூடம் காணாதவர் நாவிலும் குடியேறியது. அப்படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரலும் அன்று எழுந்தது. 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்திற்குச் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய உரையாடல், வெள்ளையனிடம் நிமிர்ந்து பேசுவது எப்படி என்பதைச் சிறுவர்க்கும் கற்றுத் தந்தது. ஒலிபெருக்கிகள் திருவிழாப் பந்தல்களில் 'திருவிளையாடல்' படத்தின் நக்கீரர் காட்சியை மீண்டும் மீண்டும் ஒலித்த காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திரார். எழுத்தறியாத ஏழைக்குச் செந்தமிழின் மிடுக்கை வழங்கியவை அவ்வசனங்கள். இதை மறுப்பாரில்லை.

எனினும் அவ்வசனங்கள் யாவும் ஒரு வாதத்தின் பகுதிகளாக இருந்தன என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றத்தில் ஒருவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கான காரணத்தைச் சமுதாயத்தின்முன் படிப்படியாக வைக்கிறான். நக்கீரரோ, எதிரே நிற்பவர் இறைவனே என்றறிந்தும் பிழையைப் பிழையென்று சொல்லத் தயங்கவில்லை. அந்தக் காட்சியை இன்றும் மனப்பாடமாக ஒப்பிக்கும் இரசிகர், தம் நடிகரின் படத்தில் ஒருவர் ஒரு சிறு குறை கண்டாலும் சினந்து எழுகின்றனரே! இறைவனிடமே குற்றம் காணலாம், நடிகரிடம் காணலாகாது என்பதா இதன் பொருள்? நக்கீரரின் சொல்லை எடுத்துக்கொண்டு நக்கீரரின் துணிவைக் கைவிடுவது எவ்வளவு பெரிய முரண்பாடு!

பின்னாளில் வசனம் சுருங்கியது. 1995-இல் வெளிவந்த 'பாட்ஷா'வில், தான் ஒருமுறை சொல்வது நூறுமுறை சொல்வதற்கு ஈடு என்னும் பொருள்பட நாயகன் பேசும் ஒற்றை வரி, ஊரெங்கும் ஒலித்தது. அதை எழுதியவர் பாலகுமாரன். அவரே 1987-இல் 'நாயகன்' படத்திற்கும் உரையாடல் எழுதினார். அதன் இறுதியில் ஒரு சிறுவன் தன் பாட்டனிடம், அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான்; பாட்டனுக்கு விடை தெரியவில்லை. ஒரே எழுதுகோல் ஒரு கேள்வியையும் தந்தது, ஒரு முழக்கத்தையும் தந்தது. கேள்வியைவிட முழக்கத்தையே நாம் அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்குகிறோம். கேள்விக்கு யோசித்து விடை காண வேண்டும். முழக்கத்திற்கு உரத்த குரல் ஒன்றே போதும். குற்றம் எழுதியவருடையதா, எடுத்துக்கொண்ட நம்முடையதா?

முழக்கம் முற்றினால் என்ன நேரும் என்பதையும் கண்டோம். 2002 ஆகஸ்டு 15-ஆம் நாள் 'பாபா' வெளியானபோது, அதிலுள்ள புகைக்கும் காட்சிகள் இளைஞரைக் கெடுக்கும் என்று திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்திலிருந்து கண்டனம் எழுந்தது. நடிகரின் செயலை இளைஞர் பின்பற்றுகின்றனரா என்பது ஆழ்ந்து விவாதிக்கத்தக்க கேள்வி. ஆனால் நம் வடமாவட்டங்களில் நடந்தது விவாதமா? படச்சுருள்கள் பறிக்கப்பட்டன, இரு தரப்பும் மோதிக்கொண்டன. எழுப்பப்பட்ட கேள்வி அப்படியே நின்றது. 2023 சனவரி 11-ஆம் நாள் 'வாரிசு', 'துணிவு' என்னும் இரு படங்கள் ஒருங்கே வெளியாயின. நள்ளிரவுக் காட்சியைக் கொண்டாடச் சென்ற 19 அகவை இளைஞர் ஒருவர், சென்னைக் கோயம்பேட்டில் ஓடிக்கொண்டிருந்த லாரியின்மீது ஏறி ஆடித் தவறி விழுந்து இறந்தார். அவரைப் பெற்ற தாய்க்கு எந்த வசனம் ஆறுதல் தரும்?

'உழைத்துக் களைத்த ஏழைக்கு இருப்பது இந்த ஒரு மகிழ்ச்சிதான். அதையும் பறிக்கிறீரே' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழையின் சிரிப்பைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. படித்தவர் மட்டும் இந்நோய்க்கு விலக்கா என்றால், அதுவும் இல்லை. உலகத் திரைப்படம் பேசும் நண்பர்கள், அயல்நாட்டு இயக்குநர் பெயர்களை இதே முறையில் ஒருவர்மேல் ஒருவர் வீசுவதைக் கேட்டிருக்கிறேன். பெயர்தான் வேறு, இரவல் ஒன்றே. நான் கேட்பது, அந்த ஏழைக்கு வசனம் உண்மையில் எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்பதே.

இதற்கு விடையை அதே பொம்மையார்பாளையத்தில் கண்டேன். அங்கே கடல் ஊரைத் தின்றுவருகிறது. புதுச்சேரித் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்த பின்னர், வடபுறக் கரையோர ஊர்கள் கரையை இழந்து வருகின்றன. வீடுகள் சரிந்து விழுந்துள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் அலுவலர் ஒருவர் மக்களின் குறை கேட்க வந்தார். கூட்டத்தின் முன்வரிசையில், நீதிமன்றக் காட்சியை ஒரு சொல் பிசகாமல் பேசி எங்களையெல்லாம் வியக்கவைத்த இளைஞர் நின்றிருந்தார். 'நீங்கள் சொல்லுங்கள் தம்பி' என்றார் அலுவலர். அவர் வாய் திறக்கவில்லை. அடுத்தவர் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பின்வாங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் முன்வந்து, 'ஐயா, என் கல்யாணத்தப்ப எங்க வாசல்லேருந்து தண்ணிக்கு நடந்து போவ நேரம் புடிக்கும். இப்ப ராவுல அலை வந்து எங்க கதவைத் தட்டுது' என்றார். அலுவலர் எழுதிக்கொண்டார். அந்த மூதாட்டியின் சொல் எந்தப் படத்திலிருந்தும் வந்ததன்று.

வீட்டுக்குள்ளும் இதன் விளைவைக் காணலாம். 1999-இல் வெளிவந்த 'படையப்பா'வில், பெண் எப்படி இருக்க வேண்டும், எதற்குக் கோபப்படக் கூடாது என்று நாயகன் அறிவுரை கூறும் இடத்தில் அரங்கம் அதிர்ந்தது. அந்த வரியைத் தம் மனைவியின் வாயை அடைக்கப் பயன்படுத்திய கணவர்களை நான் அறிவேன். மனைவி கேட்டது பள்ளிக் கட்டணத்தைப் பற்றி. கிடைத்த விடை வசனம். அரங்கில் கைத்தட்டல் பெற்ற சொல், வீட்டில் ஒரு பெண்ணின் நியாயத்தை அடக்கும் கோலாகிறது. அதே படத்தில் நீலாம்பரியாக வந்த இரம்யா கிருஷ்ணனை மக்கள் இன்றளவும் மறக்கவில்லை என்பதையும் அக்கணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே, திரைப்படத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள் என்று நான் வேண்டவில்லை. நன்றாகப் பேசுங்கள் என்றே வேண்டுகிறேன். ஒரு வசனம் உங்களைக் கவர்ந்ததா? அதை எழுதியவர் யார் என்று கேளுங்கள். நடிகர் பெயரைச் சொல்லும் நாம் எழுத்தாளர் பெயரை மறப்பது நன்றியன்று. கதையில் அது யாரை நிமிரச் செய்கிறது, யாரைக் குனியச் செய்கிறது என்று பாருங்கள். பிறகு அதையே உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அது உங்களுடையதாகிவிட்டது. முடியாவிட்டால் அது இன்னும் இரவல்தான். நம் அன்பியக் கூட்டங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் மாதம் ஒரு மாலை இதற்கு ஒதுக்கினால் என்ன? எதிர்க்கட்சி இரசிகர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்பது ஒன்றே அங்கு விதியாக இருக்கட்டும்.

அந்த மாமனும் மைத்துனரும் இப்போது மீண்டும் ஒரே படகில் செல்கின்றனர். சேர்த்துவைத்தது எந்த வசனமும் அன்று. புயல் எச்சரிக்கை வந்த ஓரிரவில் படகைக் கரையேற்ற ஆள் போதாமல், 'மாமா, ஒரு கை கொடு' என்று ஒருவர் கூப்பிட்ட குரல். நமக்குத் தேவையான சொல் பெரும்பாலும் இவ்வளவு எளியது. அதை யாரிடமும் இரவல் வாங்க வேண்டியதில்லை.