அணுவும் தராசும்

சென்ற ஆண்டு நமது தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றிற் பேச வந்த அன்பரொருவர், மேனாட்டார் காட்டுமிராண்டிகளாய்த் திரிந்த காலத்திலேயே தமிழர் அணுக்கொள்கையைக் கண்டுவிட்டனர் என்று முழங்கினார். மண்டபம் அதிரக் கரகோஷம் எழுந்தது. கை தட்டியோருள் யானும் ஒருவன். அன்றிரவு விடுதிக்கு மீண்டு, என் அறைத்தோழரான விஞ்ஞான பீட மாணவரிடம் இப்பெருமையை எடுத்துரைத்தபோது, அவர் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: "நல்லது. அந்த அணு எவ்வளவு பாரம், மச்சான்?"

அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. கலைப்பீட மாணவனுக்கு இரசாயனவியலில் என்ன வேலை என வினவுவோர் உளர். இரசாயனவியலுக்குள் முதலிற் புகுந்தவர்கள் நம் மேடைப் பேச்சாளர்களே. யான் அவர்களைப் பின்தொடர்ந்து சென்றவன் மட்டுமே.

எதிர்த்தரப்பின் சான்றுகளை முதலில் நேர்மையுடன் நோக்குவோம். பெரும்பாலோர் காட்டுவது குறளைப் புகழ்ந்து ஔவையார் பாடியதாக வழங்கும் பாட்டை. அதில் அணு என்னும் சொல் உண்டு என்பது மெய். ஆயின் அது நூலின் செறிவைப் புகழும் உவமையேயன்றி வேறன்று. வலுவான சான்று ஒன்று உண்டு. அதை நம் பேச்சாளர்கள் எடுத்தாளுவதில்லை, அவர்கள் அதைப் படிக்காமையே காரணம் போலும். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் உரைக்கும் காதையில் ஆசீவகவாதி அணுக்களைப் பற்றி விரித்துரைக்கின்றான். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணுக்கள் ஐவகை. அவை அழிவதுமில்லை, புதிதாய்த் தோன்றுவதுமில்லை. பூத அணுக்கள் ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அளவுகளிற் கூடுகின்றன. எது மிகுந்ததோ அதன் பெயரால் அப்பொருள் வழங்குகின்றது. அளவுகளே கூறப்பட்டுள்ளமை காண்க. இதனை முதன்முறை படித்தபோது என் அறைத்தோழரின் வாயை அடைத்துவிடலாம் என்றே மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்த முக்காலை அளந்தவர் யார்? எந்தத் தராசில்? எவரேனும் அஃது முக்காலன்று, அரைக்கால் என மறுத்திருந்தால், யார் சொல்வது சரி என்பதை எவ்வாறு தீர்த்திருப்பர்? தீர்க்க வழியில்லை. வாதத்தில் வல்லவன் வென்றிருப்பான். ஆசீவகரின் சிந்தனை ஆழமானது; தமிழிலக்கியம் அதனைப் பேணித் தந்தமை பெருமைக்குரியது. ஆயினும் அது தத்துவம்; இரசாயனவியல் அன்று. இத்தீர்ப்பு நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்துத் தெமோகிரித்தசுக்கும் வைசேடிகம் கண்ட கணாதருக்கும் இதுவே தீர்ப்பு.

யோன் தாற்றன் செய்ததுதான் என்ன? அவர் ஆங்கில நாட்டு நெசவாளி ஒருவரின் மகன். 1808இல் வெளிவந்த நூலில் ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் ஓர் எடையை அவர் குறித்தார். அணு என்ற எண்ணம் பழையது. அதற்கு எடை உண்டு, அவ்வெடையை ஒப்பிட்டு அறியலாம் என்பதே புதியது. ஐதரசனை ஒன்று எனக் கொண்டு ஒட்சிசனை ஏழு என்றார். அது பிழை. நீரில் ஐதரசன் அணு ஒன்றும் ஒட்சிசன் அணு ஒன்றுமே உள்ளன என அவர் கருதினார், அதுவும் பிழை. ஆனால் எத்தகைய பிழைகள்! எண்ணாற் சொல்லப்பட்டமையால் எண்ணாலேயே பிடிபட்ட பிழைகள். நீரைத் திருத்தமாகப் பகுத்து நிறுத்தபோது ஒரு பங்கு ஐதரசனுக்கு எட்டுப் பங்கு ஒட்சிசன் எனத் தெரிந்தது. இரு கனவளவு ஐதரசனுடன் ஒரு கனவளவு ஒட்சிசனே சேர்கிறது என்று கேலுசாக் காட்டினார். 1811இல் அவகாதரோ, சமநிலைமைகளில் சம கனவளவு வாயுக்களிற் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உண்டென்றார். அதனை ஏறத்தாழ அரை நூற்றாண்டு எவரும் பொருட்படுத்தவில்லை. 1860இல் கால்சுறூவில் கூடிய மாநாட்டிற் கனிசாரோ அதனை மீண்டும் எடுத்துரைத்த பின்னரே குழப்பம் தெளியலாயிற்று. நீரில் ஐதரசன் அணு இரண்டு, ஒட்சிசன் பதினாறு. என் அறைத்தோழரின் கேள்விக்கு விடை கூற உலகம் பட்ட பாடு இது.

மூலகம் என்ற கருத்தும் இவ்வாறானதே. ஐம்பூதமே தமிழர் கண்ட மூலகங்கள் என்று எழுதுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பூதங்களின் பட்டியலிலிருந்து எதையும் நீக்க முடியாது. இலவோசியே 1789இல் வெளியிட்ட பட்டியலில் முப்பத்து மூன்று பொருள்கள் இருந்தன. அவற்றுள் ஒளியும் வெப்பமும் கூட அடக்கம், சுண்ணாம்பும் அடக்கம். இதுகாறும் எதனை மேலும் பகுக்க இயலவில்லையோ அதுவே மூலகம் என்பது அவர் வகுத்த வரைவிலக்கணம். 'இதுகாறும்' என்ற அச்சொல்லில் எத்துணை அடக்கம்! 1808இல் தேவி சுண்ணாம்பிலிருந்து கல்சியத்தைப் பிரித்தெடுத்தார்; சுண்ணாம்பு பட்டியலை விட்டு வெளியேறிற்று. ஈராயிரம் ஆண்டு பூதமாய் வீற்றிருந்த நீரோ, அது ஒரு சேர்வை என 1783இல் இலவோசியே அறிவித்தபோதே பதவி இழந்துவிட்டது.

ஒட்சிசன் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத்தைப் பிறப்பிப்பது என்பது அதன் பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டென இலவோசியே நம்பினார். ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பது 1810 அளவிற் புலனாயிற்று. பெயர் பொய்த்தது, ஆயினும் எந்தக் கணக்கும் பொய்க்கவில்லை. கருத்தின் உயிர் பெயரில் இல்லாமையே காரணம். பெயரொன்றைப் பழைய ஏட்டிற் கண்டவுடன் கருத்தையே கண்டுவிட்டதாய்க் கூத்தாடுவோர் இதனைச் சிந்திப்பாராக.

நிற்க. வீண்பெருமை பேசுவதால் யாருக்கு என்ன நட்டம் எனச் சிலர் கேட்கக்கூடும். நட்டம் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகளுக்கே. பகுக்கப்படாத தூய பொருள் மூலகம்; அணுக்கள் பிணைந்த துணிக்கை மூலக்கூறு; பொருளின் அளவுக்கு அலகு மூல்; அமிலத்தை நடுநிலையாக்குவது மூலம்; போதாதற்கு மூலிகம் வேறு. இவையனைத்தையும் தராசைத் தொடாமலே மனனம் செய்த ஒருவனை யான் நன்கறிவேன், அவன் யானே. யான் பயின்ற பாடசாலையில் தராசு கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. திணிவுக் காப்பு விதியை நாங்கள் தேவாரம் போல் ஓதினோம். பரீட்சையில் நல்ல புள்ளியும் பெற்றோம். பதினெட்டுக் கிராம் நீர் ஒரு மூல், அதில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். எழுதத் தெரிந்திருந்தது. கண்ணாற் காணவியலாத் துணிக்கைகளைத் தராசினால் எண்ணிவிடும் அற்புதமே மூல் என்பதை எவரும் சொல்லவில்லை. மளிகைக் கடைக்காரர் மிளகை எண்ணாது நிறுத்துத் தருவதைப் போன்றதே அது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யான் கலைப்பீடத்துக்கு வராதிருந்திருக்கவும் கூடும்.

தமிழின் ஆற்றலுக்கு மெய்யான சான்று வேண்டுமெனில் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ மாணவனுக்கு இரசாயனவியல் இன்றியமையாதது என்பதால் 'கெமிஸ்தம்' என்ற நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. பெயரைப் பார்த்துத் தூய தமிழன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். சுளிக்கட்டும். அந்நூலைப் பற்றி நம் சங்க மேடையில் இன்றுவரை ஒரு சொற்பொழிவு நிகழ்ந்ததாய் யான் அறியேன். இல்லாத பழம்பெருமைக்கு ஆண்டுதோறும் மாலை. இருக்கும் உழைப்புக்கு ஓர் அஞ்சலியும் இல்லை.

எனவே சங்கச் செயற்குழுவினர் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். அடுத்த ஆண்டு கலைவிழாவில் அணுவைப் பற்றிப் பேச விழைவோர் முன்னிலையில், விஞ்ஞான பீடத்து நண்பர்களிடம் இரவல் பெற்ற தராசு ஒன்றையும் மூடியுள்ள புடக்குகை ஒன்றையும் மேசைமீது வையுங்கள். 1.2 கிராம் மகனீசிய நாடாவை நிறுத்து, அதனுள் இட்டு, மூடியை இடையிடையே சற்றுத் திறந்து காற்றுப் புகவிட்டு, முற்றாக எரியுங்கள். எஞ்சும் வெண்பொடியை ஆறவிட்டு மீண்டும் நிறுத்தால் தராசு ஏறத்தாழ 2 கிராம் காட்டும். எரிந்தது குறையவில்லை, கூடியிருக்கின்றது. அந்த 0.8 கிராம் எங்கிருந்து வந்தது என்று பேச்சாளரைக் கேளுங்கள். அவர் விடையிறுத்த பின்னர் ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.